அம்பது பவுண்டு வில்லு

வாங்க வாங்க. செருப்போடவே வாங்க, பட்டறைதானுங்க இது. போன்ல விளம்பரம் பார்த்துட்டுக் கூப்பிட்டவருதானே? அவினாசியில இருந்தா? நெம்ப தூரமாச்சுங்களே. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுல வார்னிஷ் சிந்திக் கெடக்குது. இந்தச் சேர்ல உக்காருங்க. வண்டில யாரோ இருக்காப்ல தெரியுது? ஓ, வீட்டுக்காரம்மாங்களா. சரி சரி. வேப்பமரத்தடியிலதான நிறுத்தியிருக்கீங்க? நெழலு இருக்குமுங்க, ஒண்ணும் பிரச்சினையில்லை.

இதுதாங்க வில்லு. தூக்கிப் பாருங்க. நடுவுல இந்தக் கைப்பிடி தனி, மேலயும் கீழயும் ரெண்டு பட்டை தனி. கழட்டிப் பையில போட்டுக்கலாம். நல்ல மரமுங்க, தொட்டுப் பாருங்க, வழவழன்னு இருக்குதா? ஒரு கீறல் இருக்காது. வாங்கி ஒரு வருசம் ஆகப் போகுது. பொய் சொல்லக் கூடாதுங்க, இதை முழுசா ஒருக்கா கூட இழுத்ததில்லை. புத்தம் புதுசு.

ஏன் விக்கறேன்னு கேக்கறீங்களா? கேக்கோணும். பழசு வாங்கறவங்க அதைத்தான் மொதல்ல கேக்கோணும். சொல்றனுங்க. ஆனா சித்த நேரமாகும், பரவால்லியா?

நம்ம தொழிலு மோட்டாருக்குக் காயில் கட்டறதுங்க. இருவத்திரெண்டு வருசமா இந்தப் பட்டறை. புது மோட்டாரும் வாங்கிக் குடுப்பேன். ஆனா வந்து கேட்டதும் தூக்கிக் குடுத்துற மாட்டேன். போரு எத்தனை அடி, தண்ணி எத்தனை அடியில நிக்குது, என்ன குழாய் போட்டிருக்கீங்கன்னு நூறு கேள்வி கேப்பேன். பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஏழரை எச்பி போட்டிருக்கான், எனக்குப் பத்துப் போடுன்னு வருவாங்க. "அண்ணா, உங்க கிணத்துக்கு அஞ்சே தாராளமுங்க. பத்துப் போட்டா அரை மணி நேரத்துல சேத்தை உறிஞ்சி, காயில் கருகி, திரும்ப எங்கிட்டத்தான் தூக்கிட்டு வருவீங்க"ன்னு சொல்லுவேன். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணுமுங்கன்னு சொல்லி அனுப்புவேன். இந்தச் சுத்துவட்டாரத்துல நாச்சிமுத்து சொன்னா மோட்டார் விசயத்துல மறுபேச்சு கெடையாதுங்க.

அந்த நாச்சிமுத்துதான் இதை வாங்கினான்.

எல்லாம் என்ற சகலையால வந்ததுங்க. சம்சாரத்தோட அக்கா வீட்டுக்காரரு, மோகனசுந்தரம்னு பேரு. இதே ஊருதான். போன வருசம் தை மாசத்துல ஒரு சைக்கிள் வாங்கினாரு. சும்மா சைக்கிள் இல்லீங்க, ஒத்தை விரல்ல தூக்கற சைக்கிள். அதுக்கொரு தொப்பி, ஒரு கண்ணாடி, உடம்போட ஒட்டின டவுசரு. அம்பத்தஞ்சு வயசுல அந்த டவுசரோட எங்கூட்டு வாசல்ல வந்து நின்னு, "சகலை, இன்னைக்கு நாப்பது கிலோமீட்டரு"ன்னு சொல்லிட்டுத் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போவாரு. தண்ணி அவரு வண்டியிலயே ஒரு பாட்டில்ல இருக்குமுங்க. அதைக் குடிக்க மாட்டாரு.

எனக்குச் சக்கரை வேற. டாக்டர் நடக்கச் சொன்னாரு. நடக்கறதை எப்படிங்க சகலைகிட்டச் சொல்றது? நானும் ஒண்ணு பண்ணோணும், அவரு பண்ணாததாப் பண்ணோணும்னு தேடிட்டு இருந்தப்பத்தான் பைபாஸ் பக்கத்துல வில்வித்தை கிளப்பு தொறந்தாங்க.

மொத நாளு நானும் என்ற சம்சாரம் சாந்தாமணியும் போனோம். அவ எதுக்கு வந்தான்னா, எனக்குத் திடீர்னு சக்கரை எறங்கிட்டா என்ன பண்றதுன்னு பயம். ஒரு பிளாஸ்க்குல டீ, டப்பால ரெண்டு பிஸ்கட்டு. ஓரத்துல ஒரு பெஞ்சு இருந்துச்சு, அதுல உக்காந்துக்கிட்டா.

கோச்சு ஒரு பொம்பளைப் புள்ளைங்க. தமயந்தின்னு பேரு, இருவத்தாறு வயசு இருக்கும், நம்ம தோளுக்குத்தான் வரும். கையை நீட்டச் சொல்லி டேப்பு வெச்சு அளந்துச்சு. பதினெட்டு பவுண்டு வில்லைக் கையில குடுத்து நாலஞ்சு தடவை இழுக்கச் சொல்லிப் பார்த்துச்சு. அப்பறம் சொல்லுச்சு: "சார், நீங்க இருவத்துநாலுல ஆரம்பிங்க. மிஞ்சிப் போனா இருவத்தாறு. அதுக்கு மேல வேண்டாம்."

வில்லுல பவுண்டுன்னா அதோட எடை இல்லீங்க. நாணை மொகம் வரைக்கும் இழுத்துப் பிடிக்க எவ்வளவு பலம் வேணுமோ, அந்தக் கணக்கு. அம்பதுன்னா இருவத்திரெண்டு கிலோவுக்கு மேல. அதை மூணே விரல்ல இழுத்து, வாயோரத்துல அசையாம நிறுத்தி, நிதானமா குறி பார்க்கோணும். நான் அந்தப் புள்ளைகிட்ட, "ஏம்மணி, நான் ஒத்தை ஆளா மோட்டாரு தூக்கறவன், எனக்கு இருவத்துநாலாம்மா?"ன்னேன். அது சிரிச்சுக்கிட்டே, "சார், மோட்டாரைத் தூக்கறது வேற தசை. இதுக்கு முதுகுல இருக்கற தசை வேலை செய்யோணும். அதை நீங்க இதுவரைக்கும் கூப்பிட்டதே இல்லை. பாரம் எச்சாப் போனா வில்லு உங்களை இழுக்கும். ஆறு மாசம் கழிச்சு அடுத்த பட்டை மட்டும் வாங்கி மாட்டிக்கலாம்"னுச்சு.

எவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்குது பாருங்க. நான் மோட்டாருக்குச் சொல்ற அதே பேச்சு.

நானும் சரின்னுதானுங்க தலையாட்டினேன். சத்தியமா இருவத்தாறுதான் வாங்கறதா இருந்தேன். வீட்டுக்கு வந்து உக்காரலை, சகலை போனு. "வில்லு வாங்கப் போறியாமா? எத்தனை பவுண்டு?"

இருவத்தாறுன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. "அது எத்தனைல இருந்து எத்தனை வரைக்கும் இருக்குது சகலை?"ன்னு அவரே கேட்டாரு. பதினாறுல இருந்து அறுவது வரைக்கும்னேன். "அப்ப இருவது முப்பதெல்லாம் புள்ளைங்களுக்கா?"ன்னாரு.

"நான் அம்பது சொல்லியிருக்கேன்"னுட்டேன்.

சொன்ன பொறகு வாங்காம இருக்க முடியுமா? போனை வெச்ச கையோட ஆர்டர் போட்டாச்சு. எதுக்க நின்னு துணி மடிச்சுட்டிருந்த சாந்தாமணி, "அந்தப் புள்ள இருவத்துநாலுன்னுதானுங்களே சொல்லுச்சு?"ன்னு கேட்டா. "உனக்கென்ன தெரியும், போயி டீ போடு"ன்னேன்.

எட்டு நாள்ல வந்துருச்சு. பிரிச்சு மாட்டி நாண் ஏத்தறதுக்கே பட்டறையில ரெண்டு ஆளுங்க பிடிச்சாங்க. வேட்டி கட்டி, திருநீறு பூசி, வில்லைக் கையில பிடிச்சு நின்னு ஒரு போட்டோ எடுத்துச் சொந்தக்காரங்க வாட்சப் குரூப்புல போட்டேன். சாந்தாமணி அந்தப் போட்டோவையே பார்த்துட்டு இருந்தா. "ஏனுங்க, கிளப்புல இருக்கற வில்லெல்லாம் நுனி முன்னால பார்த்து வளைஞ்சிருக்குமே. உங்களுது உங்களையே பார்த்து வளைஞ்சிருக்குது?"ன்னா.

உனக்கென்ன தெரியும்னேன். அன்னைக்கும் டீ போடச் சொன்னேன்.

அடுத்த நாளு தமயந்தி அதைப் பார்த்து ஓடி வந்து கையில இருந்து பிடுங்கிருச்சுங்க. பட்டையை எதிர்ப்பக்கமா வளைச்சு நாண் ஏத்தியிருக்கேன். அப்படியே இழுத்திருந்தா பட்டை வெடிச்சு மொகத்துல அடிச்சிருக்குமாம். நான் இழுத்திருந்தாத்தானே? அது அந்தப் புள்ளைக்குத் தெரியாது. போட்டோவுக்கு எழுவத்திரெண்டு பேரு கைதட்டியிருந்தாங்க. அதனால அதை அழிக்கலை.

நேரா ஏத்துனதுக்கப்பறம் இழுத்துப் பார்த்தேன். நாண் என்ற நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால வந்து நின்னுக்கிச்சு. அதுக்கு மேல நானும் போகலை, அதுவும் வரலை. கையி நடுங்குது, கழுத்து நரம்பு புடைக்குது, அம்பு தானா நழுவிக் காலுக்கடியில விழுகுது. இன்னைக்குச் சாப்பிடலைன்னேன். நாண் புதுசு, பழகோணும்னேன். மழை ஈரத்துல மரம் விறைச்சிருக்குதுன்னேன். மழை பேஞ்சு நாலு மாசம் ஆகியிருந்துச்சு. ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னு சொன்னாளாம், அந்தக் கதைதானுங்க.

அஞ்சு மாசம் இப்படியே ஓட்டினேன். எப்படி ஓட்டினேன்னு கேக்க மாட்டீங்களா? வாரத்துல மூணு நாளு காலையில ஆறரைக்கு அங்க இருப்பேன். வில்லைப் பூட்டுவேன். துணி வெச்சுத் தொடைப்பேன். கைக்குத் தோல் பட்டை கட்டுவேன். நாணைச் சுண்டிப் பார்த்துத் தலையாட்டுவேன். அப்பறம் பக்கத்துல எய்யறவங்களுக்கு யோசனை சொல்லுவேன். "முழங்கையைத் தூக்குங்க, மூச்சை விடுங்க." எட்டரைக்கு வில்லைக் கழட்டிப் பையில போட்டுட்டு வந்துருவேன். புதுசா வர்றவங்க என்னைத்தான் பெரிய கோச்சுன்னு நினைப்பாங்க.

நடுவுல ஒரு நாளு தமயந்தி, "சும்மாவே உக்காந்திருக்கீங்களேக்கா"ன்னு சாந்தாமணி கையில அந்தப் பதினெட்டைக் குடுத்துச்சு. நான் தடுக்கலீங்க. பொழுது போகட்டும்னு விட்டுட்டேன். புடவைத் தலைப்பை இடுப்புல சொருகிக்கிட்டு அவ பாட்டுக்கு ஓரத்துல டொக்கு டொக்குன்னு விட்டுட்டு இருப்பா. அப்பறம் இருவது குடுத்துச்சாம், அப்பறம் இருவத்திரெண்டாம். நான் அதையெல்லாம் எங்க பார்த்தேன்? நாணைத் தொடைக்கவே நேரம் சரியா இருந்துச்சு.

இப்படியே போயிருந்தாக் கூட மானம் தப்பிச்சிருக்கும். சாமி விடலை.

எங்கூர்ல விசயதசமிச் சாயங்காலம் அம்பு சேர்வை நடக்குமுங்க. உங்க பக்கமும் உண்டுதானே? அம்மன் குதிரை வாகனத்துல ஊர்க்கோடிக்கு வருவா. அங்க ஒரு வாழைமரம் நட்டு வெச்சிருப்பாங்க, அதுதான் அசுரன். சாமி சார்புல பூசாரி மூங்கில் வில்லுல அம்பு போடுவாரு. அது முழ நீள வில்லு, மரத்தை ஒட்டி நின்னு குத்தற மாதிரி விட்டுருவாரு. அம்பு மரத்துல பாஞ்சாத்தான் அம்மன் கோயிலுக்குத் திரும்பலாம். பாயாமத் திரும்பக் கூடாது.

புரட்டாசி பொறந்ததும் கோயில் கமிட்டிக்காரங்க வீட்டுக்கு வந்துட்டாங்க, கூடவே சகலை. வாட்சப் போட்டோவைக் காட்டி, "ஊருக்குள்ள நெஜ வில்லு இருக்கறப்ப மூங்கிலு எதுக்குங்க? இந்த வருசம் நீங்கதான் போடோணும்"ங்கறாங்க. முப்பது அடி தள்ளி நின்னு போடோணுமாம். மூங்கில் வில்லு வெட்ட வேண்டாம்னு பூசாரிகிட்டச் சொல்லியாச்சாம். சகலை என்ற தோளைத் தட்டி, "அம்பது பவுண்டாக்கும்"ங்கறாரு.

முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆத்தா குடுத்த பாக்கியமுங்க"ன்னுட்டேன்.

அன்னையில இருந்து தண்ணிக் கேனைத் தூக்கறதும், மோட்டார் பெல்ட்டை ஜன்னல்ல கட்டி இழுக்கறதும்தான் வேலை. பத்து நாள்ல வலது தோளு போயிருச்சு. சட்டை போடவே கையி தூக்க முடியலை. சாந்தாமணி எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு விட்டா. ஏன் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. நான் அதைக் கவனிக்கவே இல்லை பாருங்க.

ஆயுத பூசைக்குப் பட்டறையில எல்லாச் சாமானையும் வெச்சுப் பூசை போட்டோம். நடுவுல இந்த வில்லு, சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். சாந்தாமணி கிளப்பு வில்லைக் கேட்டு வாங்கிட்டு வந்து ஓரமா வெச்சிருந்தா. பெரிய மனசு பண்ணி அதுக்கும் ஒரு பொட்டு வெச்சேன். அன்னைக்கு ஒரு நாளுதானுங்க நான் நிம்மதியா இருந்தது. பூசையில வெச்ச ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாதே!

மறுநாளு வந்துருச்சு.

ஊரே நிக்குது. குறுக்க கயிறு கட்டி ஜனங்களை ரெண்டு பக்கமும் நிறுத்தியிருக்காங்க. வாழைமரத்துக்குப் பின்னால மண்ணைக் குமிச்சிருக்காங்க. அம்மன் குதிரை மேல பச்சைப் பட்டுல இருக்கறா. பதினாறு பேரு தோள்ல வாகனம். பூசாரி சூடம் காட்டி என்றகிட்ட அம்பைக் குடுத்தாரு. மேளம் நின்னுருச்சு.

இழுத்தேன். நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால வந்து நின்னுச்சு, வழக்கம் போல. நடுங்குச்சு. அம்பு நழுவி விழுந்துருச்சு. சிலரு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. சகுனம் பார்க்கறேன்னு நினைச்சாங்களோ என்னமோ. ரெண்டாவது தடவை கண்ணை மூடிக்கிட்டு இழுத்தேன். தோள்ல சுருக்குன்னு ஒண்ணு அறுந்த மாதிரி இருந்துச்சு, விட்டுட்டேன். அம்பு போச்சுங்க, இல்லைன்னு சொல்லக் கூடாது. பத்தடி போயி மண்ணுல படுத்துக்கிச்சு. ஒரு கொழந்தை சிரிச்சுது. சிரிப்பு அப்படியே கயித்தோரமாப் பரவிட்டு வந்துச்சு.

அதைத் தாங்கிக்கலாமுங்க. ஆனா சாமி நிக்குது. அம்பு பாயாமத் திரும்ப முடியாது. தூக்கி நிக்கறவங்க தோளு மாத்தறாங்க. ஒரு வயசானவரு காலு வெடவெடன்னு ஆடுது. என்ற வீம்புக்காகப் பதினாறு பேரு பாரம் சுமந்துட்டு நிக்கறாங்கன்னு அப்பத்தான் ஒறைச்சுது. செத்துப் போயிறலாம்னு இருந்துச்சு. மூணாவது தடவைக்கு வில்லைத் தூக்கறேன், கையி இடுப்புக்கு மேல வரலை. கண்ணுல தண்ணி முட்டிருச்சு.

அப்ப யாரோ கயித்தைத் தூக்கிட்டு உள்ள வர்றாங்க. பார்த்தா சாந்தாமணி. கையில அந்தக் கிளப்பு வில்லு. காரு டிக்கியில வெச்சுக் கொண்டாந்திருக்கா.

"பொம்பளை போடற வழக்கமில்லையே"ன்னு கமிட்டியில ஒருத்தரு இழுத்தாரு. பூசாரி வேர்வையைத் தொடைச்சுக்கிட்டே, "மகிசாசுரனைக் கொன்னது ஆம்பளையாங்க? வாங்கம்மணி, சாமி தோளு வலிக்க நிக்குது"ன்னாரு.

அவ என்ற பக்கத்துல வந்து நின்னா. தலைப்பைச் சொருகினா. நாணை இழுத்தாங்க, அவ்வளவு லேசா, கொடியில துணி எடுக்கற மாதிரி. வாயோரத்துல வந்து நின்னுச்சு, அசையலை. அஞ்சு மாசமா அவ பக்கத்துலயேதான் இருந்தேன். அன்னைக்குத்தான் பார்த்தேன். விட்டா. டொக்கு. வாழைமரத்து நட்டநடுவுல.

மேளம் இடியாட்டம் கெளம்புது, பொம்பளைங்கெல்லாம் குலவை போடறாங்க. சகலை வாயைத் தொறந்தது தொறந்தபடி நிக்கறாரு. இவ திரும்பி, ஊரே கேக்கற மாதிரி, "நீங்க பொட்டு வெச்சுக் குடுத்த வில்லுதானுங்க"ன்னு சொல்லி அதை என்ற கையில குடுத்துட்டுப் பொம்பளைங்க கூட்டத்துக்குள்ள போயிட்டா. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. சூடத்துப் புகைன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

வீட்டுக்குப் போறப்ப அவதான் வண்டி ஓட்டினா, எனக்குக் கையி வரலை. "நீ எதுக்கு அதைக் கொண்டாந்தே?"ன்னு கேட்டேன்.

"உங்களால இழுக்க முடியாதுன்னு மொத நாளே தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா அஞ்சு மாசமாச் சொல்லலை?"

ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னா: "சொன்னா டீ போடச் சொல்லுவீங்க."

கோவமாச் சொல்லலீங்க. சும்மா, மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னா. அதுதான் இன்னும் ஆறலை.

தோளுக்கு மூணு மாசம் வைத்தியம். இப்ப நான் பதினெட்டுல ஆரம்பிச்சிருக்கேன். அதோ செவுத்துல தொங்குதே, அதுதான் என்றது. சகலை கேட்டா நாப்பதுன்னு சொல்லியிருக்கேன், நீங்க எங்கயும் சொல்லிறாதீங்க. அவளுக்கு இருவத்தாறு பவுண்டுல சொந்தமா ஒரு வில்லு வேணுமாம். கல்யாணமாகி இருவத்தேழு வருசத்துல அவ வாயைத் தொறந்து எனக்கு வேணும்னு கேட்டது இது ஒண்ணுதான். அதுக்குத்தானுங்க இதை விக்கறது.

இழுத்துப் பார்க்கறீங்களா? பாருங்க, பாருங்க. அம்பில்லாம நாணை விட்டுறாதீங்க, பட்டை ஒடைஞ்சுரும். மெதுவா இழுத்து மெதுவாவே திரும்பக் கொண்டு வரோணும். ம்... இன்னும்... சரி போதும், விடுங்க, மொகமெல்லாம் செவந்துருச்சு. தோளு வலிக்குதா? இல்லைங்கறீங்க. நானும் அதைத்தான் சொன்னேன். ஆமா, உங்களை யாருங்க அம்பது வாங்கச் சொன்னது? மச்சானா? அதுக்குள்ள மச்சான்கிட்டச் சொல்லியாச்சா?

ஐயய்யோ, மணி பத்தே முக்காலாச்சு. உங்க வீட்டுக்காரங்க இத்தனை நேரமா வண்டிலயே உக்காந்திருக்காங்க. பாருங்க என்ற புத்தியை. வந்ததும் நெழல்ல நிறுத்தியிருக்கீங்களான்னு கேட்டேனே ஒழிய, உள்ள வரச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை வந்துச்சா? இவ்வளவு பட்டும் வரலைங்க. போங்க, போயிக் கூட்டிட்டு வாங்க. அந்தப் பதினெட்டை எடுத்து வெக்கறேன், மொதல்ல அவங்க இழுத்துப் பார்க்கட்டும். அப்பறம் பேசிக்கலாம், யாருக்கு எத்தனைன்னு.

சக்கரை போடலாமுங்களா ரெண்டு பேருக்கும்? டீ நான் போடறேன்.